வெப்பப் பொருத்தம்

வேலூரில் அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாளைப் பஞ்சாங்கத்தில் போடுவார்கள். முடியும் நாளைப் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வெயில் மூச்சு வாங்க உட்காரும். அந்த வாரம் ஊரே புதுச்சட்டை போட்டுக்கொண்டு கோட்டை அகழியைச் சுற்றி நடக்கும். மற்ற நாட்களில் வேலூர்க்காரர்கள் வெயிலை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, இதற்கெல்லாம் யார் காரணம் என்று உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

யார் காரணம் என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் ஜோசியர் ஏகாம்பரம். அப்படித்தான் ஊர் நம்பியது. அவரும் நம்பினார்.

இத்தனைக்கும் அது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. அரசாங்கம் பகுப்பான் என்று ஒரு கருவியைக் கொண்டுவந்திருந்தது. அரிசி மூட்டை உயரம் இருக்கும். கூடத்தில் வைத்தால் வீட்டுக் காற்றை இழுத்து, நாய் மாதிரி முகர்ந்து பார்க்கும். பூமிக்கடியில் கோடி வருஷம் தூங்கிய கரி எது, போன வருஷம் வெட்டிய விறகின் கரி எது என்று அதற்குத் தெரியும். மின்சாரம், பெட்ரோல், விமான டிக்கெட் என்று அந்த வீட்டார் தொட்டதையெல்லாம் ஊர்க்கணினிகளிடம் விசாரித்துக்கொள்ளும். கடைசியில், இந்த உலகச் சூட்டில் இயற்கையின் பங்கு இவ்வளவு, இந்த வீட்டின் பங்கு இவ்வளவு என்று ஒரு தாளைத் துப்பும்.

முதலில் அந்தத் தாளில் உயரமும் குட்டையுமாகக் கம்பங்கள் இருந்தன. ஜனங்கள் அதை ஏதோ கட்டட வரைபடம் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். பிறகு யாரோ ஒரு புத்திசாலி இன்ஜினியர் தமிழ்நாட்டுக்கு மட்டும் அதைப் பன்னிரண்டு கட்டமாக மாற்றினார். சூரியன், எரிமலை, கடல், பூமியின் சாய்வு என்று நான்கு கட்டம் இயற்கைக்கு. வாகனம், அடுப்பு, குளிர் அறை, விமானம், மாடு, வயல், வெட்டிய மரம், வாங்கிய சாமான் என்று எட்டுக் கட்டம் மனிதனுக்கு. நடுவில் குடும்பத் தலைவரின் பெயர். அன்றைக்கே ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜோசியர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வராமல் என்ன செய்வார்கள்? ஒரு கூரைக்கு இவ்வளவு வெப்பம்தான் என்று சட்டம் ஒரு கோடு கிழித்திருந்தது. கல்யாணம் என்றால் பிறந்த வீட்டுச் சுமையில் ஒரு பங்கு பிள்ளைகளோடு கூடவே போகும். இரண்டு பங்கும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால், கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. அப்படி வேலூரில் தெருவுக்குத் தெரு எதிர்வீட்டுத் தம்பதிகள் இருந்தார்கள். கணவன் இந்தப் பக்கம் பல் துலக்குவான், மனைவி அந்தப் பக்கம் கோலம் போடுவாள், குழந்தை நடுத்தெருவில் நின்று எந்த வீட்டில் இட்லி என்று மோப்பம் பிடிக்கும்.

ஏகாம்பரத்திடம் வந்தால் மனசுக்கு ஆறுதல் கிடைத்தது. லாரி சர்வீஸ் தனபாக்கியம் வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் போன பிறகு லாரிகளைத் தனியாக ஓட்டி நடத்தும் அம்மாள். தாளை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"வாகனக் கட்டம் இப்படிச் செவந்து கெடக்குதே சாமி. குளிர் ரூம் கட்டமும் அப்படியே. எல்லாம் நான் பண்ண தப்புதானே?"

ஏகாம்பரம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பாதிப் பேர் வருவார்கள். "யாரும்மா சொன்னது உன் தப்புன்னு? இங்கே பாரு, சூரியன். எண்ணுக்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு தெரியுதா? வக்ரம். பின்னால நடக்கிறான். பின்னால நடக்கிற கிரகத்துக்குக் கோவம் ஜாஸ்தி. எரிமலைக்கும் அதே கோடு. பூமியோட சாய்வுக்கும் அதே கோடு. இத்தனை பெரியவங்க கோவிச்சிக்கினு நிக்கிறப்போ உன் லாரி பாவம் என்ன பண்ணும்?"

வானத்து ஜோதிடத்தில் சூரியனுக்கு வக்ரமே கிடையாது என்பது ஏகாம்பரத்துக்கும் தெரியும். அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஆனால் மார்கழியில் வியர்வை வழியும் காலத்தில் சூரியன் மட்டும் பழைய விதிக்குக் கட்டுப்படுவானா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அந்தக் கோட்டை அவர் வக்ரம் என்றே முடிவு செய்திருந்தார். இயற்கையின் நான்கு கட்டமும் எல்லார் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் பலன் சொல்வதும் சுலபமாக இருந்தது.

பலன் சொன்னால் பரிகாரமும் சொல்ல வேண்டும். சூரியன் கோபித்திருந்தால் காசிக்குப் போய் கங்கைக்கரையில் அர்க்கியம் விட்டுவிட்டு வர வேண்டும். கடல் கோபித்திருந்தால் கன்னியாகுமரி. எரிமலைக்கு அந்தமான். அங்கே கடலுக்கு நடுவில் புகைந்துகொண்டிருக்கும் ஒரு தீவை ஹெலிகாப்டரில் மூன்று முறை வலம் வர வேண்டும். எல்லாரும் பிழைப்பைப் போட்டுவிட்டு ரயிலில் போய்க்கொண்டிருக்க முடியுமா? விமானத்தில்தான் போனார்கள். போய் வந்ததும் தாளில் விமானக் கட்டம் லேசாகச் சிவந்திருக்கும். "தோஷம் வெளியே வர்றப்போ அப்படித்தான் செவக்கும்" என்பார் ஏகாம்பரம்.

அவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. வண்டி கிடையாது. வீட்டில் ஒரே ஒரு மேசை விசிறி, அதுவும் தலையை ஒரு பக்கமாகத்தான் ஆட்டும். தன் வீட்டுத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். மனிதக் கட்டம் எட்டும் பால் மாதிரி வெள்ளை. அதைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அவர் மகள் மேகலைக்கு அந்தச் சட்டத்தைப் பார்த்தாலே எரிச்சல். அவள் மொட்டை மாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். முகத்தில் எப்போதும் ஒரு பக்கம் சுண்ணாம்பு இருக்கும். அப்பாவின் தாள்களை அவள் திரும்பியும் பார்ப்பதில்லை.

"சூரியன் அப்படியேதான் இருக்குதுப்பா" என்பாள் சாப்பாட்டு நேரத்தில். "நாமதான் பூமிக்கு மேல புகையைப் போர்த்தி வெச்சிருக்கோம். வருஷா வருஷம் போர்வை கனமாவுது. உள்ள இருக்கிறவனுக்கு வேர்த்தா, வெளிய இருக்கிற விளக்கையா திட்டுவாங்க?"

"நீ மாடிக்கு வெள்ளை அடி. மனசுக்கு நான் அடிச்சிக்கிறேன்" என்பார் ஏகாம்பரம். அவர் மனைவி கோமளா இருவருக்கும் நடுவில் ரசத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்படியே போயிருக்கும். மேகலைக்கு ஒரு மாடியில் காதல் வந்தது.

அது ஊட்டி மஹாலின் மாடி. வேலூரில் கல்யாணம் என்றால் ஊட்டி மஹால்தான். உள்ளே ஊட்டிக் குளிர். வாசலில் சந்தனம், கற்கண்டு, கூடவே ஆளுக்கொரு கம்பளிச் சால்வை. வெளியே தார் உருகும். உள்ளே மாமாக்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, பாயசம் ஆறுவதற்குள் குடிப்பார்கள். மஹாலின் சொந்தக்காரர் குபேந்திரன். அவர் மகன் நவிலன், அப்பாவுக்குத் தெரியாமல், அந்த மாடிக்கு வெள்ளை அடிக்க மேகலையை அழைத்தான். வெள்ளை அடித்தால் உள்ளே மெஷின் கொஞ்சம் மூச்சு விடுமே என்று. அடித்து முடிப்பதற்குள் அவனும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டான்.

"அவங்க வீட்டுத் தாள் எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு?" என்றார் ஏகாம்பரம் விஷயம் தெரிந்ததும்.

"தெரியும். செவந்து போயிருக்கும். நம்ம வீட்டுது வெள்ளை. ரெண்டும் சேர்ந்தா கோட்டுக்குள்ள வந்துடும்" என்றாள் மேகலை. பிறகு குரல் தணிந்தது. "வரணும்பா. நான் எதிர்வீட்டுப் பொண்டாட்டியா இருக்க மாட்டேன். ஜன்னல் வழியா கையை ஆட்டிக்கினு வாழ எனக்குத் தெரியாது."

அவள் எதையும் கேட்டுப் பழகாதவள். சின்ன வயதில் பொம்மைகூடக் கேட்டதில்லை. அதனால் அந்தக் குரலில் ஏகாம்பரம் உருகிவிட்டார். தன் வெள்ளைத் தாளைச் சட்டத்தோடு ஒருமுறை துடைத்து வைத்தார்.

பொருத்தம் பார்க்கும் நாளில் குபேந்திரன் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு குட்டி விசிறிகள் ஓடும் சட்டை. காற்றில் உப்பிப்போய், திருவிழா பலூன் ஒன்று நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நவிலன் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் காதுவரை சிரித்துக்கொண்டு இருந்தான். வெப்ப அலுவலகத்திலிருந்து ரெஜினா பகுப்பானைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கல்யாணப் பொருத்தத்துக்கு அலுவலர் வந்துதான் இயக்க வேண்டும். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத பெண். கோமளா நீட்டிய வாழைக்காய் பஜ்ஜியை மட்டும் ஒருவித மரியாதையோடு பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன்" என்றார் குபேந்திரன். சட்டையின் இரைச்சலில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "எங்க தாள் அவ்வளவு அழகா இருக்காது. தொழில் அப்படி. நீங்க பெரியவரு, பார்த்துச் சொல்லணும்."

"அது உங்க தப்பில்லைங்க" என்று ஏகாம்பரம் வழக்கம்போலத் தொடங்கினார். "சூரியன்..."

"முதல்ல பெண் வீடு" என்றாள் ரெஜினா. "போன தையிலேருந்து புது முறை வந்திருக்கு. உங்க சட்டத்துல இருக்கிறது பழசு. அது செல்லாது."

பகுப்பான் காற்றை இழுத்தது. முனகியது. கொஞ்ச நேரம் யோசித்தது. மறுபடி முனகியது. கோமளா பஜ்ஜியைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். பிறகு தாள் வந்தது.

ஏழு கட்டம் வெள்ளை. விமானக் கட்டம் மட்டும், சிவப்பு என்று சொல்ல முடியாது, கறுத்துப் போயிருந்தது. மை அடுத்த கட்டத்துக்குக் கசிந்திருந்தது.

"மெஷின் தப்பு" என்றார் ஏகாம்பரம். "நான் விமானத்தைக் கிட்டக்கப் பார்த்ததே இல்லம்மா."

ரெஜினா தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் புருவம் அன்று முதல்முறையாக அசைந்தது. "வேலூர்லயே சூடான ஆள் நீங்கதான் சார்."

"அதெப்படி?"

"முன்னாடி எரிச்சவங்க பேர்லதான் சுமை ஏறும். புது முறையில, யார் சொல்லி எரிச்சாங்களோ அவங்க பேர்ல ஏறும். டிக்கெட் எடுக்கிறப்போ எதுக்காகப் போறீங்கன்னு கேட்கும் இல்லியா? சொந்த விருப்பம்னு சொன்னா முழுசும் அவங்களுது. வேற ஆள் பேர் சொன்னா அந்த ஆளுக்குப் போயிடும்." அவள் கருவியின் திரையைப் பார்த்தாள். "காசி போனவங்க, அந்தமான் போனவங்க, எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்லியிருக்காங்க. ஜோசியர் ஏகாம்பரம்."

கூடத்தில் குபேந்திரனின் சட்டை மட்டும் இரைந்துகொண்டிருந்தது. தப்பு தன்னுடையதில்லை என்று எத்தனை வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊர் நன்றாகவே படித்துக்கொண்டது. தன்னுடையதில்லாத தப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்து, சொல்லிக்கொடுத்தவர் வீட்டிலேயே இறக்கிவிட்டது.

குபேந்திரன் மெதுவாகக் கையைத் தூக்கினார். "அந்தமான்... நானும்தான் உங்க பேரை எழுதினேன். மூணு சுத்துக்குப் பதிலா அஞ்சு சுத்து சுத்தினேன், சேர்த்தே இருக்கட்டும்னு."

அவர்கள் வீட்டில் முன்பே முகர்ந்து வைத்த கணக்கிலிருந்து நவிலன் வீட்டுத் தாளும் வந்தது. அது சிவப்பு. இரண்டையும் சேர்த்தபோது பகுப்பான் கோட்டைக் காட்டவே சிரமப்பட்டது, கோடு அவ்வளவு கீழே இருந்தது.

மேகலை எழுந்து மாடிக்குப் போனாள். அவளே வெள்ளை அடித்த மாடி.

"வழி ஏதாவது இருக்குதாம்மா?" என்று கோமளாதான் கேட்டாள்.

"இருக்கு" என்றாள் ரெஜினா, பஜ்ஜியை முடித்துவிட்டு. "போனவங்க, இது என் சொந்த விருப்பம்தான்னு ஒத்துக்கிட்டு அவங்க சுமையைத் திருப்பி வாங்கிக்கலாம். ஒரு கைரேகை வெச்சாப் போதும்." பிறகு நேர்மையான பெண் என்பதால் சேர்த்துச் சொன்னாள்: "நான் வேலைக்குச் சேர்ந்து இதுவரைக்கும் யாரும் வாங்கிக்கிட்டதில்ல."

மறுநாள் காலையிலேயே ஏகாம்பரம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊர் அவரைத் தேடி வந்துதான் பழக்கம். அவர் படியேறி வந்ததைப் பார்த்த முதல் வீட்டார் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் செத்தவர் பரவாயில்லை என்பது போல முகம் மாறியது. ஒருவர் காபி கொடுத்துவிட்டு மறுத்தார். ஒருவர் மறுத்துவிட்டுக் காபி கொடுத்தார். ஒரு வீட்டில் குழந்தையை அனுப்பி, தாத்தா வீட்டில் இல்லை என்று தாத்தாவே பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

தனபாக்கியத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குடைத் துணியே கொதித்தது. உள்ளே குளிர் அறையில், போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு அந்த அம்மாள் லாரி டிரைவர் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"என் தப்பில்லன்னு நீங்கதானே சாமி சொன்னீங்க?" என்றாள் எல்லாம் கேட்ட பிறகு. "இப்போ வந்து என்னுதுன்னு சொன்னா?"

"உனக்குப் பிடிச்சதைச் சொன்னேம்மா. எனக்கும் அதுதான் பிடிச்சிது."

"இப்போ பிடிக்காததைச் சொல்ல வந்துட்டீங்களா? பொண்ணு கல்யாணம்னதும் கிரகமெல்லாம் ஒழுங்காயிடுச்சா?"

ஏகாம்பரத்துக்கு அந்த இடத்தில் சுருக்கென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு சுலோகத்தைச் சொல்லி எழுந்திருப்பார். இங்கே எழுந்திருக்க முடியவில்லை. "அந்தத் தாளை எடுத்துக்கினு வாம்மா" என்றார். "சுமையை வாங்கிக்க வேணாம். சரியாப் படிச்சிட்டாவது போறேன்."

தாள் வந்தது. முதல்முறையாக அவர் மேலே இருந்த நான்கு கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு கீழே இருந்த எட்டை மட்டும் பார்த்தார். பார்த்துப் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினார்.

"லாரி உன்னுது. திரும்பி வர்றப்போ பாதி லாரி காலியா வருது, அதுவும் உன்னுது. குளிர் ரூம் மூணு, உள்ள இருக்கிறது நீ ஒருத்தி. குளிரைக் கூட்டி வெச்சிட்டுப் போர்வையை நீதான் போர்த்திக்கிற, உன் கையாலயே. அந்தமானுக்குப் போனதும் நீதான். நான் பேருக்குச் சொன்னேன், நீ ஆசையாப் போன. அங்கே எடுத்த படத்தை எல்லார்கிட்டயும் காட்டின." மூச்சு வாங்கிக்கொண்டார். "சொன்னது என் தப்பு. அதை நான் எடுத்துக்கறேன். போனது உன்னுது."

தனபாக்கியம் அவரைப் பார்த்தபடியே இருந்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் குடையை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"எதை?"

"என்னுதுன்னு சொன்னீங்களே, அதை." போர்வை தோளிலிருந்து நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை. "அவரு இருந்தப்போ லாரி அவருது, வீடு அவருது. அவரு போனப்புறம் எல்லாம் கிரகத்துதுன்னு நீங்க சொன்னீங்க. இவ்வளவு வருஷத்துல ஒரு காரியத்துக்கு நான்தான் காரணம்னு யாரும் சொன்னதில்ல சாமி." குளிர் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நான் நிறுத்தினா நிக்குமா?"

"நிக்கும்" என்றார் ஏகாம்பரம். சொல்லும்போதே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில், செய்தால் நடக்கும் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்த முதல் பரிகாரம் அதுதான்.

அவள் கைரேகை வைத்தாள். வைத்துவிட்டு ஒரு குளிர் அறையை அணைத்தாள். இரண்டாவதையும் அணைக்கப் போய், கதவுக்கு அருகில் நின்று யோசித்து, "நாளைக்கு" என்றாள்.

விஷயம் பரவ நேரமாகவில்லை. ஜோசியர் இப்போது திட்டுகிறார் என்றதும் ஊருக்கு ஆர்வம் வந்துவிட்டது. தனபாக்கியத்துக்கு என்ன சொன்னாரோ அதே அளவுக்குத் தங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தாளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். குறைவாகத் திட்டினால் கோபித்துக்கொண்டார்கள். "எங்க வீட்டு மாட்டை விட்டுட்டீங்களே" என்று ஒருவர் நினைவுபடுத்தினார். இரண்டு எதிர்வீட்டுத் தம்பதிகள் வந்து, தெருவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா யார் அதிகம் என்று அவர் முன்னாலேயே சண்டை போட்டார்கள். கைரேகை வைத்தவர்களும் உண்டு, திட்டு மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஏகாம்பரத்தின் விமானக் கட்டம் கறுப்பிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து குங்குமப்பூ நிறத்துக்கும் இறங்கியது.

குபேந்திரன்தான் ரொம்ப நாள் இழுத்தார். அந்தமானைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவர் தயார். ஆனால் மஹாலின் குளிரை நிறுத்தச் சொன்னபோது முகம் வாடிப்போனது.

"ஊட்டி மஹால்ல ஊட்டி இல்லன்னா நான் யாரு சம்பந்தி?"

"மஹால்" என்றாள் மேகலை. நவிலன் சிரிப்பை இருமலாக்கினான்.

அவர் கடைசியில் ஒப்புக்கொண்டது தன் மகனின் கல்யாணத்துக்கு மட்டும். மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். பலூன் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு வந்து நின்றபோது, அவர் அவ்வளவு ஒல்லியான மனிதர் என்பது ஊருக்கே அன்றுதான் தெரிந்தது.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட, விடியும் நேரத்தில் முகூர்த்தம். ஊட்டி மஹாலின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பல வருஷமாகத் திறக்காததால் ஒன்று கையோடு வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் வாசலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கம்பளிச் சால்வை கொடுத்துவிட்டார்கள். விருந்தினர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வியர்த்தார்கள். பிறகு மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மேளக்காரர் மட்டும் இந்த மஹாலில் விரல் மரத்துப்போகாமல் வாசிப்பது இதுதான் முதல் தடவை என்று சந்தோஷப்பட்டார்.

தாலிக்கு முன்னால் கடைசி அளவு எடுக்க வேண்டும் என்பது விதி. ரெஜினா மணமேடைக்குப் பக்கத்தில் பகுப்பானை நிறுத்தினாள். அது முனகியது. கல்யாணக் கூட்டம் முழுவதும், ஐயர் உட்பட, அதன் வாயையே பார்த்தது.

தாள் வந்தது. ரெஜினா பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"கோட்டுக்கு மேல இருக்கு" என்றாள். "மயிரிழைதான். ஆனா மேலதான்."

மேகலையின் கையைப் பிடித்திருந்த நவிலன் பிடியை இறுக்கினான். மாலைக்குள் அவள் முகம் சின்னதாகிப்போனது. ஜன்னல் வழியாகக் கையாட்டும் ஒரு வாழ்க்கை அந்த மண்டபத்தின் நடுவில் வந்து நின்றது.

"இன்னும் யாராவது கைரேகை..." என்று ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்தார். வைக்க வேண்டியவர்கள் எல்லாரும் வைத்திருந்தார்கள். வைக்காதவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருந்தார்கள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் ரெஜினா தயக்கத்தோடு. "மேல இருக்கிற நாலு கட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா வேலூர்ல யாரும் கேட்கிறதில்ல. வேணாம்னு எழுதியே கொடுத்துடறாங்க. சூரியனே கோவமா இருக்கான், அவன் பாவத்தையும் நான் ஏன் சுமக்கணும்னு."

"ஆமாம். எதுக்கும்மா அதை வேற? வக்ரத்துல இருக்கிறானே" என்றார் ஏகாம்பரம்.

"யார் சார் வக்ரம்?"

"சூரியன். கோடு போட்டிருக்கே." அவர் தாளை எடுத்துக் காட்டினார். "எரிமலை, பூமி சாய்வு, எல்லாத்துக்கும் கோடு."

ரெஜினா அந்தக் கோட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். இவ்வளவு வருஷமாக ஒரு ஊர் முழுக்க அந்தக் கோட்டை என்னவென்று படித்து வந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அது மைனஸ்" என்றாள். "சூரியன் கொஞ்ச காலமா லேசா மங்கித்தான் இருக்கு. எரிமலை வெடிச்சா அதோட தூசு ரெண்டு வருஷம் குடை பிடிச்ச மாதிரி நிக்கும், அதுவும் குளிர்ச்சிதான். பூமியோட சாய்வு மெதுவா, ஆயிரக்கணக்கான வருஷமா, குளிர் பக்கம்தான் இழுத்துக்கிட்டிருக்கு. கடல் ஒரு வருஷம் கூட்டும், அப்புறம் குறைக்கும், இந்த வருஷம் ஒண்ணும் பண்ணல. நாம மட்டும் இல்லன்னா இந்நேரம் தாத்தா காலத்தைவிடக் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கணும். நூத்துக்கு நூறும் மனுஷன் பண்ணது. அதுக்கு மேலயும் பண்ணியிருக்கோம். அந்த மேல்பட்டதைத்தான் அவங்க மூணு பேரும் சத்தமில்லாம குறைச்சிக்கிட்டு வர்றாங்க."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். குபேந்திரன் வெறும் மார்பைத் தடவிக்கொண்டார். பந்தியில் யாரோ இன்னொரு வடை கேட்கும் குரல் கேட்டது.

"ஆளுக்கு எவ்வளவும்மா வரும்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"உலகத்துல இருக்கிற எல்லாருக்கும் பிரிச்சா ரொம்ப ரொம்பக் கொஞ்சம். மயிரிழை."

"சேர்த்துடும்மா."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். வேலூரில் அந்தப் பொத்தானை யாரும் அழுத்தியதில்லை. அதன் மேல் தூசு படிந்திருந்தது. பகுப்பான் முனகியது. இரண்டாவது தாள் வந்தது. ரெஜினா அதை மேகலையிடமே கொடுத்தாள். அப்பாவின் தாள்களைத் திரும்பிப் பார்க்காத பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை நவிலனின் நெற்றியில் வைத்து அழுத்திச் சிரித்தாள். வியர்வையில் தாள் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"கெட்டிமேளம்" என்றாள் கோமளா, ஐயருக்கு முன்னால்.

அட்சதை போட்டுவிட்டு ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோட்டை மதிலுக்கு மேலே சூரியன் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தான். தினமும் காலையில் பார்த்துக் கும்பிடுகிற முகம்தான். கும்பிட்டுவிட்டு உள்ளே போய் நாள் முழுக்க அவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்.

இன்றைக்குக் கையைக் கூப்பத் தூக்கியவருக்கு அது பாதியில் நின்றுவிட்டது. தோளில் யாரோ போட்டுவிட்ட கம்பளிச் சால்வை இருந்தது. அதை எடுத்து மடித்து, மரியாதை செய்வது போல இரண்டு கையிலும் ஏந்திச் சூரியனுக்கு நீட்டினார். நீட்டிய பிறகுதான், எதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது உறைத்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சால்வையை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்கோப்பா" என்றார்.

சூரியன் வழக்கம்போல, கொஞ்சம் குறைத்தே கொடுத்துக்கொண்டிருந்தான்.